பொறுப்பு கேட்கிற தம்பி தங்கச்சிகளுக்கு: கர்த்தர் இருதயத்தைச் சோதிக்கும்போது எப்படி நடந்துகொள்வது

ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது வாலிபப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி ஒன்று கேட்பார்கள். "அண்ணாச்சி, எனக்குச் சபையில ஊழியம் செய்யணும்னு பாரம் இருக்கு. ஆனா ஒரு பொறுப்பும் தரமாட்டேங்காங்க. என்ன செய்யட்டும்?" நின்ற நிலையில் பதில் சொல்லி முடிகிற கேள்வி இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் போதகர் இல்லை. 1986 முதல் 2018 வரை அரசு பஸ்ஸில் கண்டக்டர். பெரும்பாலும் திருநெல்வேலி - திருச்செந்தூர் ரூட். இப்போது எங்கள் சபையில் 14 வீடுகள் உள்ள ஏரியா ஜெபக்குழுவைக் கவனிக்கிறேன். 1994-இல் என்னைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தேன். இந்த 14 வீடுகள் கைக்கு வந்தது 2006-இல். நடுவில் போன 12 வருஷத்தில் எங்கே நின்றேன், எங்கே விழுந்தேன் என்பதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில், எந்தச் சோதனை என்று பாருங்கள்

நம் தமிழ் வேதாகமத்தில் சோதனை என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில் தேவன் ஆபிரகாமைச் சோதித்தார் என்று இருக்கிறது. யாக்கோபு 1:13-இல் அவர் ஒருவனையும் சோதிக்கிறவரல்ல என்று இருக்கிறது. புதிதாக வேதம் வாசிக்கிறவர்கள் இங்கே குழம்பிப்போகிறார்கள். பாவத்துக்குள் இழுக்கிற சோதனை ஒன்று. உள்ளே கிடப்பதை வெளியே கொண்டுவருகிற சோதனை ஒன்று. முதலாவது தேவனிடமிருந்து வராது. இரண்டாவது வரும். உபாகமம் 8:2 வாசித்துப் பாருங்கள். 40 வருஷம் வனாந்தரத்திலே நடத்தியது இருதயத்தில் உள்ளதை அறியும்படி என்று மோசே ஜனங்களிடம் சொல்கிறார். கர்த்தருக்கு அது முன்பே தெரியும். தெரியாமல் இருந்தது ஜனங்களுக்குத்தான்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இரண்டுக்கும் நாம் செய்யவேண்டியது வேறு வேறு. யோசேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எஜமான் போத்திபாரின் மனைவி தப்பான ஆசையோடு வஸ்திரத்தைப் பிடித்தபோது அதை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினான். சிறைச்சாலையில் அவன் ஓடப் பார்க்கவில்லை. அங்கிருந்த கைதிகளைக் கவனித்துக்கொண்டு இருந்தான். ஓடவேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, "என்னைப் பலப்படுத்தத்தான் கர்த்தர் இதை அனுமதிச்சிருக்காரு" என்று பேசியவர்களைப் பார்த்திருக்கிறேன். நிற்கவேண்டிய இடத்தில் "இது பிசாசின் போராட்டம்" என்று சொல்லி சபையை மாற்றிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு காரியம் வந்தால் அன்றைக்கே உங்களைக் கேளுங்கள்: இதில் தொடர்ந்து இருந்தால் நான் பாவம் செய்யவேண்டி வருமா, இல்லை என் பெருமைக்கு மட்டும் அடி விழுமா? பாவம் என்றால் அங்கிருந்து கிளம்புங்கள். பெருமைக்குத்தான் அடி என்றால் இருங்கள்.

டியூட்டி ஏறுமுன் சொந்தக் காசை எழுதுங்கள்

கண்டக்டர் டியூட்டி ஏறும்போது தன் சட்டைப்பையில் உள்ள சொந்தப் பணம் எவ்வளவு என்று வே பில்லில், அதாவது டிக்கெட் கணக்கு எழுதுகிற தாளில், எழுதிவிட வேண்டும். 30 ரூபாய் என்றால் 30. வழியில் செக்கிங் ஏறினால் டிக்கெட் கணக்கையும் கையில் உள்ள காசையும் ஒத்துப் பார்ப்பார்கள். குறைந்தாலும் கேள்வி, கூடினாலும் கேள்வி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூடுதலாக இருந்தால் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு மூத்த கண்டக்டர்தான் சொல்லித்தந்தார். கூடுதல் காசு என்றால் யாரிடமோ காசு வாங்கிவிட்டு டிக்கெட் கிழிக்கவில்லை, இல்லையென்றால் யாருக்கோ சில்லறை பாக்கி வைத்திருக்கிறோம். முன்னாடியே எழுதாவிட்டால் உன் காசு எது, அந்தக் காசு எது என்று உனக்கே தெரியாது என்றார்.

செக்கிங் எப்போது வரும்? திருச்செந்தூர் போய்ச் சேர்ந்து, முகம் கழுவி, காசை அடுக்கி வைத்த பிறகு வராது. தென்திருப்பேரைக்கும் குரும்பூருக்கும் நடுவில், நிற்க இடமில்லாத கூட்டத்தில், ஒரு தோளைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு டிக்கெட் கிழிக்கும்போது வரும்.

ஊழியத்துக்குள் வரும்போதும் நம் பையில் சொந்தக் காசு கிடக்கிறது. பேர் வாங்கும் ஆசை, யாரையோ ஜெயித்துக் காட்டும் வைராக்கியம், வீட்டில் கிடைக்காத மரியாதையைச் சபையில் தேடுவது என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். இருப்பதாலேயே கர்த்தர் நம்மைத் தள்ளிவிடுவதில்லை. எழுதாமல் உள்ளே வைத்துக்கொண்டு ஏறும்போதுதான் சிக்கல். அதனால் ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் இந்த நாலு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இந்தப் பொறுப்பு எனக்கு ஏன் வேண்டும்? நான் இதைச் செய்வதை யார் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்? யாரோடு பேசாமல் இருக்கிறேன்? யாருக்குக் காசு பாக்கி?

இரண்டாவது கேள்விக்கு நான் எழுதிய பதில் என் மச்சான் பேர். அவர் வாத்தியார். குடும்பத்தில் கல்யாணம், அடக்கம், புதுவீடு எதுவென்றாலும் ஜெபம் பண்ண அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாளாவது அவர் உட்கார்ந்திருக்க நான் எழும்பி ஜெபிக்கவேண்டும் என்று எனக்குள் கிடந்திருக்கிறது. பேனாவால் எழுதிப் பார்க்கும்வரை அது எனக்கே தெரியாது.

எழுதியதை ஒருவரிடம் காட்டுங்கள். உங்களைவிட மூத்த, வாய் அடக்கமான ஒரு விசுவாசி போதும். தினமும் சங்கீதம் 139:23-ஐச் சொல்லி ஜெபியுங்கள்: "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்." இந்த ஜெபத்துக்குப் பதில் சீக்கிரமே வரும். அதற்குத் தயாராக இருங்கள்.

அறிவிப்பில் வராத ஒரு வேலை எடுங்கள்

எனக்கு முதலில் கிடைத்தது ஜமுக்காளம் விரிக்கிற வேலை. புதன்கிழமை ராத்திரி 7 மணிக்கு ஏரியா ஜெபம். ஒவ்வொரு வாரமும் ஒரு வீடு. இரண்டு ஜமுக்காளமும் பாட்டுப் புத்தகக் கட்டும் என் வீட்டில் இருக்கும். சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துக்கொண்டு முன்னாடியே போய் விரிக்கவேண்டும். முடிந்ததும் உதறி மடிக்கவேண்டும். சிவப்பும் நீலமும் கோடு போட்ட பவானி ஜமுக்காளம். ஓரத்தில் நூல் பிரிந்திருக்கும். பிள்ளைகள் முறுக்கைச் சிந்தினால் அதன் நெசவுக்குள் போய் மாட்டிக்கொள்ளும், கையால்தான் எடுக்கவேண்டும்.

இப்படி ஒரு வேலையை எடுத்து ஒரு வருஷமாவது செய்யுங்கள். செருப்பு அடுக்குவது, டம்ளர் கழுவுவது, முதியவர்களை வண்டியில் கூட்டிக்கொண்டு வருவது, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் வருகைப் பதிவேடு எழுதுவது, எதுவானாலும் சரி. கூட்டத்துக்கு 20 நிமிஷம் முன்னாடி போங்கள். வரமுடியாத வாரம் முந்தின நாளே சொல்லி, வேறொருவரை ஏற்பாடு செய்துவிட்டு நில்லுங்கள். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு. ஸ்டேட்டஸில் போட்டபிறகு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நாம் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்போம். அந்த வேலையின் கூலி அங்கேயே தீர்ந்துபோகும்.

"கொஞ்சத்திலே உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவனாயிருக்கிறான்" என்ற லூக்கா 16:10 எல்லாருக்கும் மனப்பாடம். இரண்டு வசனம் தள்ளி 12-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். வேறொருவனுடைய காரியத்தில் உண்மையாயிருப்பதைப் பற்றி இயேசு பேசுகிறார். வேறொருவர் நடத்துகிற கூட்டம், வேறொருவர் பேர் வாங்குகிற கூட்டம், அதற்கு நாம் ஜமுக்காளம் விரிக்கிறோம். அப்போஸ்தலர் 6-இல் பந்திவிசாரணைக்கு, அதாவது சாப்பாடு பங்கிடுவதைக் கவனிக்க, ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். பின்னால் பெரிய பிரசங்கிகளான ஸ்தேவானும் பிலிப்பும் அதில்தான் இருந்தார்கள்.

உங்களைத் தாண்டி இன்னொருவருக்குப் போகும்போது

இதுதான் என்னைச் சாய்த்தது. 2000-இல் எங்கள் ஏரியாவுக்குப் புதுத் தலைவர் வைக்கவேண்டி வந்தது. ஆறு வருஷம் ஜமுக்காளம் சுமந்தவன் நான், எனக்குத்தான் என்று இருந்தேன். ஐயர், அதாவது எங்கள் போதகர், அறிவித்தது என்னைவிடப் பத்து வயது இளையவரை. அவர் சபைக்கு வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

அன்றைக்கு நானும் சிரித்துக்கொண்டே கைகுலுக்கினேன். அடுத்த புதன் டபுள் டியூட்டி என்று சொல்லிவிட்டேன். அதற்கடுத்த வாரமும் டியூட்டி. ஜமுக்காளத்தை மட்டும் ஒரு பையனிடம் கொடுத்து அனுப்பினேன். நாலாவது வாரம் ராத்திரி ஜெபம் முடிந்து வந்த என் மனைவி, தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கும் அந்தக் கடைசி வீட்டு ஆச்சிதான் விரிச்சாங்க. முட்டி வலியில கீழ உக்கார முடியல, கம்ப வச்சுத் தள்ளித் தள்ளி விரிச்சாங்க." வேறு ஒன்றும் சொல்லவில்லை. எழுபது வயது தாண்டிய விதவை அந்த ஆச்சி. எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் யாருக்காக விரித்தேன் என்பது அன்றைக்குத் தெரிந்துபோனது. ஐந்தாவது புதன் போனேன். ஆச்சி என்னைப் பார்த்ததும் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "வந்துட்டியா ராசா" என்றார்கள்.

உங்களுக்கு இப்படி நடந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். அவர் நடத்துகிற முதல் கூட்டத்துக்குக் கட்டாயம் போய் முன்வரிசையில் உட்காருங்கள். மனசு ஒப்பாவிட்டாலும் கால் போகட்டும். 30 நாள் அவர் பேரைச் சொல்லி, அவர் வீட்டுக்காரி பிள்ளைகள் பேரையும் சொல்லி ஜெபியுங்கள். முதல் பத்து நாள் வாயில்தான் வரும். அப்புறம், டீக்கடையிலோ கோயில் வாசலிலோ அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் அங்கிருந்து நகருங்கள். "நான் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்" என்பதும் பேசியதற்குச் சமம்.

தாவீதை நினைத்துக்கொள்ளுங்கள். தீர்க்கதரிசி சாமுவேல் வந்து, அடுத்த ராஜாவாக எண்ணெய் ஊற்றி அபிஷேகம் பண்ணியாயிற்று. அதற்குப் பிறகு சவுல் ராஜா ஆள் அனுப்பும்போது தாவீது எங்கே இருந்தான்? ஆடுகளிடத்தில். அபிஷேகம் வாங்கிய தலையோடு திரும்பவும் மேய்க்கப் போயிருக்கிறான். 1 சாமுவேல் 16:19-இல் அது இருக்கிறது.

தாமதமாகும்போது

யோசேப்பு விற்கப்படும்போது 17 வயது, பார்வோனுக்கு முன்பாக நிற்கும்போது 30. அதில் கடைசி இரண்டு வருஷம், சிறையில் அவனிடம் உதவி பெற்ற பானபாத்திரக்காரன் அவனை மறந்துபோன வருஷங்கள். சவுலுக்கோ காத்திருக்கச் சொன்னது 7 நாள்தான். கில்காலில் ஏழாவது நாள் சாமுவேல் வரவில்லை, ஜனங்கள் சிதறிப்போகிறார்கள் என்று தானே சர்வாங்க தகனபலியிட்டான். அவன் பலியிட்டு முடிக்கும்போது சாமுவேல் வந்துவிட்டார். அந்தக் கொஞ்ச நேரத்தில் ராஜ்யபாரம் நிலைக்காமல் போயிற்று.

தாமதமானால் போதகரிடம் ஒருமுறை நேராகக் கேளுங்கள்: "என்னிடம் திருத்தவேண்டியது ஏதாவது இருக்கிறதா?" அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்தாதீர்கள். கோபத்தில் தனியாக ஒரு ஜெபக்குழு ஆரம்பிக்காதீர்கள். வீட்டையும் பாருங்கள். தன் சொந்தக் குடும்பத்தை நடத்துவதைப் பற்றி 1 தீமோத்தேயு 3-இல் பவுல் எழுதியிருப்பதை உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ அம்மாவிடமோ வாசித்துக்காட்டி, "நான் எப்படி இருக்கேன்?" என்று கேளுங்கள். காத்திருக்கிற காலத்துக்கு அதில் போதுமான வேலை கிடைக்கும்.

பாராட்டும் காசும்

கஷ்டத்தில் மட்டும்தான் சோதனை வரும் என்று நினைக்காதீர்கள். நீதிமொழிகள் 27:21 அப்படிச் சொல்லவில்லை: "வெள்ளிக்குக் குகையும், பொன்னுக்குப் புடமும் சோதனை, மனுஷனுக்கு அவனுக்கு உண்டாகும் புகழ்ச்சியே சோதனை." எசேக்கியா ராஜா அசீரியப் படை வந்து நின்றபோது கர்த்தரிடம் போய் ஜெபித்தார். பாபிலோனிலிருந்து விசாரிக்க ஆட்கள் வந்தபோது பொக்கிஷசாலையைத் திறந்து காட்டினார். 2 நாளாகமம் 32:31-இல் அதைத்தான் சோதனை என்று எழுதியிருக்கிறது.

2002-இல் அசனப் பண்டிகைக்கு, அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்துக்கு, வீடு வீடாகப் பணம் வசூலிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. கண்டக்டர் என்பதால் காசு எண்ணத் தெரியும் என்று கொடுத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டக் கடைசி நாள். சம்பளம் செவ்வாய்க்கிழமைதான். அந்த மஞ்சள் பையிலிருந்து 800 ரூபாய் எடுத்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதே 800-ஐ வைத்துவிட்டேன். பண்டிகை முடிந்து கணக்கு ஒப்படைத்தபோது ஒரு ரூபாய் குறையவில்லை. யாருக்கும் தெரியாது. 16 வருஷமாக வே பில்லில் சொந்தக் காசைத் தனியாக எழுதுகிறவன், கர்த்தருடைய பையில் கலந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் கூட்டத்தில் ஒரு மூப்பர் எழும்பி, "அண்ணாச்சி கையில கொடுத்தா காசு கல்லுல வச்ச மாதிரி" என்று சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். யாராவது ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கைதட்டலை என்னால் தாங்க முடியவில்லை. அன்று ராத்திரியே அவர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு என் கையைப் பிடித்து ஜெபித்தார். ஜெபித்து முடித்துவிட்டு, "ஒரு வருஷம் நீ காசு தொடவேண்டாம்" என்றார். ஜெபித்ததும் சரி, நிறுத்தியதும் சரி.

அதனால் இதை அப்படியே கடைப்பிடியுங்கள். சபைக் காசைத் தனியாக எண்ணாதீர்கள். எப்போதும் இரண்டு பேர். வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், கொண்டுவர வேண்டி வந்தால் தொகையை எழுதி இன்னொருவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டுக் கொண்டுவாருங்கள். ஒரு மணி நேரத்துக்குக்கூட அதிலிருந்து கைமாற்று எடுக்காதீர்கள். பாராட்டு வந்த நாளில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட பாத்திரங்களை நீங்களே கழுவுங்கள். அடுத்த நாள் முழுவதும் உங்கள் வாயைக் கவனியுங்கள். நான் சாட்சி சொல்லிப் பாராட்டு வாங்கிய மறுநாள்தான், ஒரு ரூபாய் சில்லறைக்காக ஒரு கிழவியிடம் பஸ்ஸில் கத்தினேன்.

தவறிவிட்டால் யாராவது கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். சவுலும் பாவம் செய்தான், தாவீதும் பாவம் செய்தான். சவுல் அறிக்கையிட்ட கையோடு, ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று சாமுவேலிடம் கேட்டான். தாவீது தன்னைக் கண்டித்த தீர்க்கதரிசி நாத்தானிடம் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது கரிநெருப்புக்குப் பக்கத்தில்; கடற்கரையில் இயேசு அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்ட காலையிலும் கரிநெருப்புத்தான் எரிந்தது. யோவான் 18-ஐயும் 21-ஐயும் அடுத்தடுத்து வாசியுங்கள். "என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்று தடவை கேட்டுத்தான் ஆடுகளை ஒப்படைக்கிறார்.

சோதனை என்று பேர் வைக்கக்கூடாதவை

இதைத் தங்கச்சிகளுக்கு முக்கியமாகச் சொல்கிறேன். ஒரு தலைவர் உங்களிடம் தகாதபடி நடந்துவிட்டு, பொறுத்துக்கொள், இது உன் ஊழியத்துக்கு வருகிற சோதனை என்று சொன்னால் அதை நம்பாதீர்கள். அது அவருடைய பாவம். அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள், மூப்பர்களிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் போலீசிலும் சொல்லுங்கள். அதேபோல, படிப்பைக் கெடுத்து, சம்பளம் இல்லாமல் ராப்பகலாக வேலை வாங்கிவிட்டு அதற்குப் புடமிடுதல் என்று பேர் சொல்கிறவர்களிடமிருந்தும் விலகுங்கள். சாமுவேலை வளர்த்த ஆசாரியன் ஏலியே, தன் பிள்ளைகளை அடக்காததற்காகக் கர்த்தரிடம் கணக்குக் கொடுக்கவேண்டி வந்தது.

பொறுப்பு கைக்கு வரும் நாளில்

2006-இல் எங்கள் ஏரியாத் தலைவருக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் சிரித்துக்கொண்டே கைகுலுக்கின அதே தம்பிதான். அதற்குள் நாங்கள் நெருக்கமாகியிருந்தோம். போகிற அன்று வீட்டுக்கு வந்து, "ஐயர்ட்ட பேசிட்டேன், இனி நீங்கதான் அண்ணாச்சி" என்று சொல்லி ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார். காலிகோ பைண்டிங் போட்ட நீள நோட்டு. 14 வீடுகளின் பேர், பிறந்தநாள், நோயாளிகள், வேலை இல்லாத பிள்ளைகள், ஜெபக் குறிப்புகள் எல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தார்.

அவர் போனபிறகு நடையில் உட்கார்ந்து புரட்டினேன். முன்பக்கங்களில், அவர் பொறுப்பேற்ற முதல் மாதத்தில், பச்சை மையில் ஒரு வரி இருந்தது: "ஜமுக்காளம் அண்ணாச்சி. 3 வாரமா வரல. என்மேல வருத்தம். அவரு திரும்பி வரணும், நான் அவர்ட்ட கத்துக்கணும்." பக்கத்தில் டிக் போட்டு, நான் திரும்பி வந்த புதன்கிழமையின் தேதி எழுதியிருந்தது.

அவர் எழுத்து முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பி, மேலே தேதி போட்டு, என் சொந்தக் காசை முதலில் எழுதினேன்.